வளர்ப்பு நாயும் பிடிகயிறும்: எல்லையோர ஊர்களில் எந்த இடத்தில் எந்த விதி?

2025 ஜூலை 28 அன்று உச்ச நீதிமன்றம் தெருநாய்க் கடி பற்றிய செய்திகளைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாக வந்த உத்தரவுகள் துண்டு துண்டாக மக்களிடம் போய்ச் சேர்ந்ததால், பொது இடத்தில் நாயைக் கூட்டிச் செல்வதே குற்றமாகிவிட்டது என்று நாய் வளர்ப்பவர்களில் ஒரு சாரார் நினைக்கிறார்கள். அந்த உத்தரவுகள் தெருநாய்களைப் பற்றியவை என்பதால் வீட்டு நாய்க்கு விதியே கிடையாது என்று இன்னொரு சாரார் எண்ணுகிறார்கள். இரண்டுமே தவறு.

தேனி மாவட்டத்தின் கம்பம், கூடலூர், போடி பகுதிகளிலும், மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் தமிழர் நிறைந்து வாழும் குமுளி, வண்டிப்பெரியாறு, தேவிகுளம் பகுதிகளிலும் இந்தக் குழப்பம் இன்னும் கூடுதலாக இருக்கிறது. நகராட்சிப் பூங்கா, பாசனக் கால்வாய்க் கரை, திராட்சைத் தோட்டம், ஏலத் தோட்டம், காப்புக்காடு, புலிகள் காப்பகம், மாநில எல்லை ஆகிய எல்லாமே இங்கே குறுகிய தூரத்துக்குள் அடுத்தடுத்து வந்துவிடுகின்றன. ஒரே காலை நடையில் நாய் மூன்று விதமான சட்டங்களின் எல்லைக்குள் கால் வைக்கக்கூடும்.

இந்தக் கட்டுரையில் பிடிகயிறு என்று சொல்வது, நாயின் கழுத்துப்பட்டையிலோ மார்புப்பட்டையிலோ ஒரு முனையை மாட்டி, மறுமுனையை ஒருவர் கையில் பிடித்திருக்கும் கயிறு, வார், சங்கிலி எதையும் குறிக்கும். கழுத்திலிருந்து தொங்கித் தரையில் இழுபடும் கயிறு இந்தக் கணக்கில் சேராது.

உச்ச நீதிமன்ற உத்தரவுகள் எந்த நாய்களைப் பற்றியவை?

2025 ஆகஸ்ட் 11 அன்று இரு நீதிபதிகள் அமர்வு, டெல்லி தலைநகர்ப் பகுதியின் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க உத்தரவிட்டது. ஆகஸ்ட் 22 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே திரும்ப விடலாம் என்றும், வெறிநோய் கண்டவற்றையும் மூர்க்கமாக நடப்பவற்றையும் அப்படி விடக்கூடாது என்றும் சொன்னதோடு, வழக்கை எல்லா மாநிலங்களுக்கும் விரித்தது. நவம்பர் 7 அன்று வந்த உத்தரவு, கல்வி நிறுவனங்கள், மருத்துவமனைகள், விளையாட்டு வளாகங்கள், பேருந்து நிலையங்கள், ரயில் நிலையங்கள் ஆகியவற்றிலிருந்து தெருநாய்களை அகற்றச் சொன்னது.

இந்த மூன்று உத்தரவுகளும் உரிமையாளர் இல்லாத நாய்களைக் கருதியவை. கயிற்றில் பிடித்து வரும் வீட்டு நாயைப் பூங்காவிலிருந்து இவற்றில் எதுவும் விலக்கவில்லை. வீட்டு நாயைக் கட்டுப்படுத்தும் விதிகள் இந்த வழக்குக்கு வெகு காலம் முன்பே இருந்தவை. பலருக்கும் தெரியாமல் இருந்தன என்பதுதான் உண்மை.

உரிமையாளர் மீது கடமை எங்கிருந்து வருகிறது?

1. பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு. தன் வசமுள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேராதபடி போதிய நடவடிக்கை எடுக்கத் தவறுபவருக்கு 6 மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். 2024 ஜூலை 1-க்கு முன் இதே குற்றம் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 289-ஆம் பிரிவில் இருந்தது. இதில் கவனிக்க வேண்டியது, நாய் கடித்தே ஆக வேண்டும் என்று பிரிவு கேட்கவில்லை என்பது. நடக்கக்கூடிய ஆபத்தைத் தடுக்கத் தவறியதே குற்றம். கயிறு என்ற சொல் இந்தப் பிரிவில் இல்லை. ஆனால் ஆட்கள் நடமாடும் இடத்தில் போதிய நடவடிக்கை எது என்று கேட்டால் முதலில் வரும் பதில் கயிறுதான்.

2. 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், பிரிவு 11. இது மறுபக்கத்தைக் காக்கிறது. மிகக் குட்டையான அல்லது மிகக் கனமான சங்கிலியில் நாயை அளவுக்கு மீறிய நேரம் கட்டிவைப்பதும், எப்போதும் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாய்க்குப் போதிய நடமாட்டம் தராமல் விடுவதும் வதைக் குற்றங்கள். எனவே வம்பே வேண்டாம் என்று நாயை நாள் முழுக்க வாசலில் கட்டிப்போடுவது சட்டத்துக்குப் பணிந்து நடப்பதாகாது. நடத்திச் செல்வது உரிமையாளரின் கடமை. கட்டுப்பாட்டோடு நடத்திச் செல்வது அதே கடமையின் மறுபாதி.

3. உள்ளாட்சி உரிமம். கேரளத்தில் 1998-ஆம் ஆண்டின் பன்றி, நாய் உரிம விதிகளின்படி ஊராட்சிப் பகுதியில் நாய் வளர்க்க உரிமம் வேண்டும். 2021 ஜூனில் திருவனந்தபுரம் மாவட்டத்தின் அடிமலத்துறைக் கடற்கரையில் புரூனோ என்ற லாப்ரடார் நாய் அடித்துக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து கேரள உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்த வழக்கில், உள்ளாட்சிகள் வளர்ப்பு நாய்ப் பதிவை நடைமுறைப்படுத்துமாறு உத்தரவிடப்பட்டது. தமிழ்நாட்டில் பலரும் படித்திருக்கும் மைக்ரோசிப் (நாயின் தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு), அபராதச் செய்திகள் சென்னை மாநகராட்சியுடையவை. 2024 மே மாதம் சென்னையில் ஒரு மாநகராட்சிப் பூங்காவில் அவிழ்ந்து திரிந்த இரண்டு ராட்வைலர் நாய்கள் 5 வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறிய பிறகு அங்கே கெடுபிடி கூடியது. அந்த அபராதப் பட்டியல் கம்பத்துக்குச் செல்லாது. கம்பத்தில் கம்பம் நகராட்சியின் விதி செல்லும்.

4. இந்திய விலங்கு நல வாரியத்தின் 2015 பிப்ரவரி வழிகாட்டுதல்கள். குடியிருப்போர் சங்கங்கள் நாய் வளர்ப்பதையோ, பூங்காவுக்கு நாய் வருவதையோ ஒட்டுமொத்தமாகத் தடை செய்வது முறையல்ல. வேண்டுமானால் நேரம் ஒதுக்கலாம் என்பது இவற்றின் சாரம். பொது இடத்தில் நாயைக் கயிற்றில் பிடிக்க வேண்டும் என்பதும் இவற்றில் உண்டு. முதல் பாதியை மட்டும் அச்செடுத்துக்கொண்டு சண்டைக்குப் போகும் நாய் வளர்ப்போர், இரண்டாம் பாதியையும் படிக்க வேண்டும்.

மத்தியச் சட்டங்கள் தமிழ்நாட்டுப் பக்க மலையடிவாரத்து லோயர் கேம்ப்பிலும் கேரளத்தின் குமுளியிலும் ஒன்றுதான். மாறுவது உள்ளாட்சியின் உரிமமும் வனத்துறையின் மாநில விதிகளும். எல்லை தாண்டி நாயைக் கூட்டிச் செல்பவர்கள் தடுப்பூசி அட்டையைக் கையோடு வைத்திருப்பது நல்லது.

காட்டு விளிம்பில் கயிறு மட்டும் ஏன் போதாது?

பூங்காவிலும் தெருவிலும் கயிறு பிடித்தால் பெரும்பாலான சிக்கல் தீர்ந்துவிடும். காடு தொடங்கும் இடத்தில் கணக்கே வேறு.

பெரியாறு புலிகள் காப்பகம் 925 சதுர கிலோமீட்டர். 1978 முதல் புலிகள் காப்பகம். அதை ஒட்டித் தமிழ்நாட்டுப் பக்கம் இருக்கும் திருவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் 2021-இல் அறிவிக்கப்பட்டது. ஊருக்கும் இவற்றுக்கும் இடையே மதிலோ வேலியோ எல்லா இடத்திலும் இருப்பதில்லை. லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏறும் மலைச் சாலையில் வண்டியை ஓரங்கட்டி, நாயை இறக்கி, சற்று நேரம் அவிழ்த்துவிடுபவர்கள் பூங்கா வாசலில் அவிழ்த்துவிடுவது போலவே நினைத்துச் செய்கிறார்கள். சாலையோரத் தடுப்புச் சுவரைத் தாண்டினால் காடு என்பது மனிதருக்குத் தெரியும், நாய்க்குத் தெரியாது.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பதன் வரையறை, கொல்வதோடு நிற்கவில்லை. பிடிப்பது, நாய் விட்டுத் துரத்துவது, விரட்டி ஓட்டுவது ஆகியனவும் அதில் அடங்கும். சரணாலயத்துக்குள் காட்டு விலங்கைச் சீண்டுவது தனியே தடை செய்யப்பட்டிருக்கிறது. அவிழ்த்துவிட்ட நாய் ஒரு மானைத் துரத்தி ஓடினால், ஏவிவிட்டேனா, அதுவாக ஓடியதா என்று விளக்கும் பொறுப்பில் உரிமையாளர் வனத்துறைக்கு முன் நிற்க நேரும்.

இந்தப் பகுதியின் நாட்டு நாய்களை வைத்து யோசித்தால் ஆபத்து இன்னும் தெளிவாகும். கோம்பை நாய்க்குப் பெயர் தந்த ஊரே கம்பம் பள்ளத்தாக்கில் மலையடிவாரத்தில்தான் இருக்கிறது. சிப்பிப்பாறையும் கன்னியும் தலைமுறை தலைமுறையாக முயல் வேட்டைக்குப் பழக்கி எடுத்த இனங்கள். ஓடும் உருவத்தைக் கண்ட நொடியில் பாய்வது அவற்றின் இரத்தத்தில் இருக்கிறது. வீட்டில் குழந்தையோடு குழந்தையாகப் படுத்திருக்கும் சிப்பிப்பாறை, முயல் ஒன்று வரப்பில் குதித்தோடினால் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாது. இதை அந்த நாயின் குறை என்று சொல்வது அநியாயம். அந்தப் பாய்ச்சலுக்காகத்தான் நாம் அதைப் பல தலைமுறையாக வளர்த்தெடுத்தோம்.

நாய் எதையும் துரத்தாவிட்டாலும், கயிற்றிலேயே நடந்தாலும், காட்டுக்குள் அதன் வருகை தடம் விடுகிறது. முதலாவது, நோய். நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் வைரஸ் காட்டு ஊனுண்ணிகளுக்குத் தொற்றக்கூடியது. 1994-இல் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் சிங்கங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை அழித்தது இந்த வைரஸ்தான். 2018-இல் குஜராத்தின் கிர் காட்டில் சிங்கங்கள் அடுத்தடுத்து இறந்தபோதும் இதே வைரஸ் கண்டறியப்பட்டது. நம் மலையில் கூட்டமாக வாழும் செந்நாய், வீட்டு நாயின் குடும்பத்தையே சேர்ந்தது. நாயின் நோய்களில் பல அதற்கும் வரும்.

இரண்டாவது, பறவைகள். ஆஸ்திரேலியாவில் 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், கயிற்றில் பிடித்த நாயோடு மனிதர் நடந்துபோன பாதைகளில் பறவை இனங்களின் எண்ணிக்கை 35 சதவீதமும், பறவைகளின் மொத்த எண்ணிக்கை 41 சதவீதமும் குறைந்திருந்தன. இங்கிலாந்தில் பொதுமக்கள் நடக்க உரிமையுள்ள திறந்த நிலங்களில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயை 2 மீட்டருக்கு மேற்படாத கயிற்றில்தான் கொண்டுபோக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. தரையில் கூடு வைக்கும் பறவைகளுக்கான ஏற்பாடு அது. நம் ஊரில் ஆள்காட்டிக் குருவி ஏறக்குறைய அதே மாதங்களில்தான் தரிசிலும் வரப்போரத்திலும் கல்லோடு கல்லாக முட்டையிடுகிறது. அது தலைக்கு மேல் வட்டமிட்டுக் கத்தினால், முட்டையோ குஞ்சோ பக்கத்தில் இருக்கிறது என்று கொண்டு, நாயைச் சுருக்கிப் பிடித்து வந்த வழியே திரும்பிவிட வேண்டும். மயிலும் தரையில் முட்டையிடும் பறவைதான்.

மூன்றாவது, நாயின் உயிரும் நம் உயிரும். ஊரோரச் சிறுத்தைக்கு நாய் எளிதில் கிடைக்கும் இரை. கரடியையோ யானையையோ கண்டு குரைத்து ஆத்திரமூட்டும் நாய், அது திருப்பித் துரத்தும்போது வேறு எங்கும் ஓடுவதில்லை. தன்னை வளர்த்தவரிடம்தான் ஓடி வருகிறது. பின்னால் வருவதையும் சேர்த்து அழைத்து வருகிறது.

தோட்டங்களில் ஆபத்து வேறு வகை. காட்டுப் பன்றிக்காகச் சட்டவிரோதமாக வைக்கப்படும் அவுட்டுக்காய், தீனிக்குள் மறைத்த வெடி. மோப்பம் பிடித்துப் போய்க் கடிக்கும் நாயின் தாடை சிதறிவிடும். சுருக்குக் கம்பியும், திருட்டு மின்சாரம் பாய்ச்சிய வேலியும் இதே வரிசையில் வருபவை. மருந்து தெளித்த திராட்சைக் கொடிக்கும் ஏலச் செடிக்கும் அடியில் தேங்கிய நீரை நாய் நக்கினாலும் ஆபத்துதான். ஒன்றரை மீட்டர் கயிறு நாய்க்கும் இவை எல்லாவற்றுக்கும் இடையே உள்ள மலிவான காப்பு.

ஆகவே நிலத்தை வைத்து விதியைப் பிரித்தால் இப்படி அமையும். நகராட்சி, ஊராட்சிப் பொது இடங்களில் கயிற்றோடு செல்லலாம். தனியார் தோட்டங்களில் உரிமையாளரிடம் கேட்டு, கயிற்றோடு செல்லலாம். காப்புக்காடு, சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்குள் நாயைக் கொண்டுபோகவே கூடாது. சுற்றுலாவுக்கு நாயோடு வருபவர்கள் அதை அறையிலோ காருக்குள்ளோ பூட்டிவிட்டுப் படகுச் சவாரிக்குப் போவது அதைவிடக் கொடுமை. அப்படிப்பட்ட நாளில் நாயை ஊரிலேயே விட்டு வருவதுதான் நல்லது.

எவ்வளவு நீளம், எந்த வகை?

அமெரிக்க தேசியப் பூங்காக்களின் விதி 6 அடிக்கு மேல் கயிறு கூடாது என்கிறது. அதாவது சுமார் 1.8 மீட்டர். நம் பூங்காப் பாதைகளுக்கும் கால்வாய்க் கரைகளுக்கும் இந்த அளவு பொருந்தும். நெரிசலில் அதையும் பாதியாகச் சுருக்கிப் பிடிக்க வேண்டும். பொத்தானை அழுத்தினால் பல மீட்டர் நீளும் சுருள்கயிறு, ஆளில்லாத மைதானத்துக்குச் சரி. பொதுப் பாதையில் அந்த மெல்லிய கயிறு சைக்கிளில் வருபவர் கண்ணுக்குத் தெரியாது. வேகமாக இழுபடும்போது விரலையும் கெண்டைக்காலையும் அறுத்துவிடும்.

இரும்புச் சங்கிலி உறுதியானது என்று பலர் வாங்குகிறார்கள். நாய் திடீரென்று பாய்ந்தால் சங்கிலி உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு போகும். வலியில் கை தானாக விட்டுவிடும். அகலமான நைலான் வாரோ பருத்திக் கயிறோ நல்லது.

கழுத்துப்பட்டையில்தான் பெரும்பாலானோர் கோட்டைவிடுகிறார்கள். சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் போன்ற இனங்களுக்குத் தலை ஒடுக்கம், கழுத்து கிட்டத்தட்ட அதே அகலம். மிரண்ட நாய் முன்னால் இழுக்காது. நான்கு கால்களையும் ஊன்றி, தலையைத் தாழ்த்தி, பின்னோக்கி நகரும். பட்டை காதுகளை மடக்கிக்கொண்டு மூக்கு வழியே நழுவும். கையில் வெறும் பட்டையோடு நிற்போம், நாய் சாலையில் இருக்கும். பட்டைக்கும் கழுத்துக்கும் இடையே இரண்டு விரல் மட்டும் நுழையும்படி இறுக்கமும், இழுத்தால் அளவோடு சுருங்கும் வகைப் பட்டையும் இந்த இனங்களுக்கு வேண்டும். மார்புப்பட்டையும் சேர்த்து மாட்டினால் இன்னும் உறுதி.

பாதையில் எதிரெதிர் வரும்போது

1. எதிரே ஆள் வந்தால், நாயோடு இருப்பவர்தான் ஒதுங்க வேண்டும். கயிற்றைச் சுருக்கி, பாதையின் ஓரத்துக்கு வந்து, நாயைத் தன் உடலுக்கு அந்தப் பக்கம் நிறுத்தி, அவரைக் கடக்கவிட வேண்டும். கால்வாய்க் கரை போல ஒற்றையடியாக இருந்தால், அகலமான இடம் வரை பின்னால் திரும்பி நடப்பதும் இதில் அடங்கும்.

2. "ஒண்ணும் செய்யாதுங்க" என்று சொல்லிக்கொண்டே நாயை நெருங்கவிடக் கூடாது. எதிரே வருபவர் சிறு வயதில் கடிபட்டவராக இருக்கலாம், கண் பார்வை குறைந்த பாட்டியாக இருக்கலாம், தொழுகைக்குப் போகிறவராக இருக்கலாம். நாயின் குணம் நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அவருடைய அச்சத்துக்குக் காரணம் கேட்கும் உரிமை நமக்கில்லை. பொதுப் பாதை அவருக்கும் சொந்தம்.

3. இன்னொரு நாயைப் பார்த்தால் மூக்கோடு மூக்கு முட்டவிடுவது வழக்கமாக இருக்கிறது. இரண்டு கயிறுகளும் இறுகி நிற்கும் நிலையில் நாய்களால் விலகிப் போக முடியாது. சண்டைகள் பெரும்பாலும் அங்கேதான் மூள்கின்றன. அந்த நாயை வளர்ப்பவரிடம் கேட்டு, அவர் சம்மதித்தால் மட்டும், கயிற்றைத் தளர்த்திப் பக்கவாட்டில் சந்திக்கவிடலாம்.

4. ஆட்டுக் கிடை, மலைமாட்டு மந்தை எதிரே வந்தால் நின்றுவிட வேண்டும். விரட்டப்பட்ட சினை ஆட்டுக்குக் கரு கலைந்துவிடக்கூடும். மேய்ப்பவருக்கு அது வாழ்வாதார இழப்பு. கன்றுள்ள பசு நாயைக் குறிவைத்துப் பாய்ந்து வந்தால் மட்டும் கயிற்றை விட்டுவிடுவது சரி. நாய் தப்பித்து ஓடும். மாடு அதன் பின்னால் போகும். மனிதர் மிதிபடாமல் தப்புவார்.

5. தன் எடைக்கு ஈடான நாயைக் குழந்தையின் கையில் கொடுத்து அனுப்பக் கூடாது.

6. தெருநாய்க் கூட்டம் சூழ்ந்தால் கயிற்றைச் சுண்டி இழுக்காமல், நாயை உடலோடு ஒட்டிப் பிடித்து, ஓடாமல் நகர வேண்டும்.

வாய்ப்பூட்டு பற்றியும் ஒரு குறிப்பு. கடிக்கும் பழக்கமுள்ள நாய்க்கு அது தேவை. ஆனால் நாய்க்கு உடம்பு முழுக்க வியர்க்காது. வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். வாயை இறுக்கிக் கட்டும் துணிப் பட்டை வெயில் நேரத்தில் உயிருக்கே ஆபத்து. வாய் திறக்க இடமுள்ள கூண்டு வகைதான் நடைக்கு ஏற்றது.

மலத்தை அள்ளுவது

நாயின் மலத்தில் உருண்டைப்புழு முட்டைகள் இருக்கக்கூடும். அவை மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிர்ப்போடு கிடக்கும். கொக்கிப்புழுவின் இளம்புழு வெறுங்காலின் தோல் வழியாகவே உள்ளே போகும். செருப்பில்லாமல் வேலை செய்யும் கூலியாட்களும், மணலில் விளையாடும் குழந்தைகளும்தான் இதற்கு ஆளாகிறவர்கள். கால்வாய்க் கரையில் விட்ட மலம் மழையில் பாசன நீரில் கலக்கிறது. பழைய செய்தித்தாளோ பையோ கொண்டுபோய் அள்ளி, குப்பைத் தொட்டியில் போட வேண்டும். பையில் கட்டிப் புதரில் வீசுவது, அள்ளாமல் விடுவதைவிடக் கேடு. உள்ளாட்சிகளும் நாயைக் குறை சொல்லும் முன், பூங்கா வாசலில் அதற்கென ஒரு தொட்டியும், நேரமும் விதியும் எழுதிய ஒரு பலகையும் வைக்க வேண்டும். தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் ஊர்களில் அந்தப் பலகை இரு மொழியிலும் இருக்க வேண்டும்.

கடி நேர்ந்துவிட்டால்

காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மிளகாய்த் தூள், சுண்ணாம்பு, எண்ணெய் எதுவும் தடவக் கூடாது. உடனே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போக வேண்டும். தோலில் போடும் முறையில் வெறிநோய்த் தடுப்பூசி 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் தரப்படுகிறது. இரத்தம் வருமளவு ஆழமான கடியாக இருந்தால், காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற வெறிநோய் எதிர்ப்பு மருந்தும் செலுத்த வேண்டும்.

நாயை வளர்ப்பவரின் பொறுப்பு அங்கேயே தொடங்குகிறது. பெயரையும் இருப்பிடத்தையும் மறைக்காமல் சொல்லி, கடிபட்டவரை மருத்துவமனைக்குத் தாமே அழைத்துப் போக வேண்டும். நாயைக் கொல்லவோ வேறு ஊருக்கு அனுப்பிவிடவோ கூடாது. 10 நாள் கண்காணிப்பில் வைத்து, அது உயிரோடும் நலமாகவும் இருக்கிறதா என்று கடிபட்டவரின் மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். தன் நாய்க்கு ஊசி போட்டிருக்கிறது என்று அட்டையைக் காட்டி, கடிபட்டவரை ஊசி போடவிடாமல் தடுக்கக் கூடாது. சிகிச்சை முதல் நாளே தொடங்க வேண்டும். அதைப் பாதியில் நிறுத்தலாமா என்பதைப் பத்து நாள் கழித்து மருத்துவர் முடிவு செய்வார்.